இருபத்தோராம் தாள்

பிப்ரவரி 3

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "கேக்குற நேரத்துக்கு ரெண்டு வரி கூட எழுதலாமே" என்பாய். அதனால் கேட்கவில்லை.

இத்துடன் இந்த வருஷத் தாள். கல்லில் படரும் நம் கல்பாசிக்கு இருபத்தொரு வயது முடிந்துவிட்டது. உன் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது, என்னுடையதைத் தொட இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். கண்ணாடித் தாளை மேலே வைத்துப் பாசியின் சுற்றுக்கோட்டை வரைந்திருக்கிறேன். பழைய தாள்களோடு பொருத்திப் பார்க்க வசதியாகக் கல்லின் மூலையையும் ஓரங்களையும் வழக்கம்போல் வரைந்திருக்கிறேன்.

மாடி வீட்டுத் தையல்காரர் ஆள் வைத்து வெளிச் சுவருக்கு பெயின்ட் அடித்தார். துளி தெறிக்காமல் இருக்க நான் கல்லுக்குக் குடை பிடித்து இரண்டு மணி நேரம் நின்றேன். பெயின்ட்காரர் நல்ல மனுஷர். தூசி படிந்துவிட்டதே என்று ஒரு குவளை குழாய்த் தண்ணீரோடு வந்தார். பாய்ந்து போய்த் தடுத்தேன். மழைத் தண்ணீர் தவிர வேறெதுவும் ஆகாது என்றேன். "ஏன் சார், இது என்ன உங்க மாப்பிள்ளையா?" என்றார். தெருவே சிரித்தது.

இந்தக் கடிதமும் டைப் அடித்ததுதான். தையல்காரர் தன் பழைய கணினியை என் தலையில் கட்டிவிட்டார். சும்மா கிடக்கிறதே என்று தட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆமை


பிப்ரவரி 19

அன்புள்ள ஆமைக்கு,

தாள் வந்தது. அடேயப்பா! இருபது வருஷமாக வழுவழுவென்று வட்டமாக வந்த பாசி, இந்த முறை ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி நெளிந்திருக்கிறதே, கவனித்தாயா? எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு நெளி. இங்கே ஆய்வகத்தில் காட்டினேன். தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார்கள். பாசியைப் பொடித்துத் தயிரில் குழைத்து, நாம் வேலை பார்த்த தாவரத் தோட்டத்தில் தரை போட்டது போக மிஞ்சிய நாலு கல் துண்டில் பூசி, நம் வீட்டுக் குளியலறையின் வெளிச் சுவரோரம் வைத்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பூனை மூன்று கல்லைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போயிருந்தது. நீ பூனையைத் திட்டாமல், "தயிர் புளிச்சிருந்தா நக்கியிருக்காது"ன்னு என்னைத் திட்டினாய். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், அதை உன்னிடம் சொன்னால் என்ன.

தோட்டத்துக் கொட்டகையில் பார்க்க வந்தவர்களுக்கு நீ விளக்குவது ஞாபகம் வந்தது. கல்பாசி என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப்பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம், வீடு பூஞ்சையுடையது, சமையல் பாசியுடையது என்பாய். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்"னு நான் பின்னாலிருந்து கத்துவேன்.

ஒரு குறை. மூன்று கடிதமாக டைப்தான் வருகிறது. கையெழுத்துப் போடுகிற இடத்தில்கூட டைப். வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ் போல இருக்கிறது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து எத்தனை நாளாகிறது!

சண்டைக்காரி


மார்ச் 6

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

அந்த நெளிவைப் பெரிது பண்ண வேண்டாம். வரையும்போது தாள் நகர்ந்திருக்கும். கூட்டம் கீட்டம் என்று ஊரைக் கூட்டாதே. நாலு பேர் முன்னால் நீ தலைகுனியும்படி ஆகிவிடக் கூடாது. பாசி பழைய மாதிரிதான் இருக்கிறது.

நத்தைத் தொல்லை அதிகம். காலையில் எழுந்ததும் பொறுக்கி வேலிக்கு அப்பால் விடுகிறேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுகின்றன. என்னைவிட வேகம்.

ஆமை


மார்ச் 22

அன்புள்ள ஆமைக்கு,

கூட்டத்தில் நான் பேசவில்லை. ஏன் என்று கேள்.

காட்டுவதற்காக இருபத்தொரு தாளையும் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். மூலையோடு மூலை பொருத்தினேன். இருபது தாள் கச்சிதமாகப் பொருந்தியது. இந்த வருஷத் தாள் பொருந்தவில்லை. பாசி மட்டுமில்லை, கல்லின் ஓரமும் நெளிந்திருக்கிறது.

அது மிஷினில் அறுத்த கல். நாம் இரண்டு பேரும் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கல். பாசி நெளியட்டும், அது உயிர். கல்லுமா ஒரே வருஷத்தில் நெளியும்?

வெகு நேரம் அந்த ஜன்னலடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாம் வரைகிற நாளில் நான் தாளைப் பிடிப்பேன், நீ வரைவாய். "மூச்சு விடாதே, தாள் ஆடுது" என்பாய். ஒரு முடி அளவு பிசகாத கை அது. அந்தக் கையைப் பார்த்துத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன், முகத்தைப் பார்த்து இல்லை.

எந்தக் கை? எப்போதிலிருந்து? டாக்டரிடம் போனாயா? டைப் அடிப்பது இதனால்தானா? எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! போனில் கேட்டிருப்பேன். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நாம் எங்கே போய் நிற்போம் என்று உனக்கும் தெரியும். எழுது. மழுப்பாமல் எழுது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

சண்டைக்காரி


ஏப்ரல் 5

அன்புள்ளவளுக்கு,

வலது கை. பத்து மாதமாகிறது. முதலில் சுண்டு விரல், பிறகு மொத்தமும். டாக்டர் நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் போகப் போகக் கூடத்தான் செய்யும் என்றார். இதை இடது கை ஆள்காட்டி விரலால் அடிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் போகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தெரிந்தால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். ஒன்பது வருஷத்துக்கு முன் கோபத்தில் போனாய். அதை நான் தாங்கிக்கொண்டேன். இப்போது பரிதாபத்தில் வந்து நின்றால் அதைத் தாங்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு அங்கே வேலை கிடைத்து, "ரெண்டு பேரும் போலாம்"னு நீ குதித்தபோது, "கல்லை யார் பாத்துக்கிறது?" என்று கேட்டேன் அல்லவா? "கல்லையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் போனாய். கல்லுக்கு யாரும் வேண்டாம். அது மழையைக் குடித்துத் தன்பாட்டில் கிடக்கும். எனக்குத்தான் பயம். பாஷை தெரியாத ஊரில், உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளாக ஆகிவிடுவேனோ என்ற வறட்டு ரோஷம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கல்லின் மேல் பழியைப் போட்டேன்.

இனி என்னால் வரைய முடியாது. தோட்டத்து மேலாளரிடம் பேசிவிட்டேன். இம்மாதம் இருபத்தொன்பதாம் தேதி வந்து கல்லை எடுத்துப் போகிறார்கள். நம் பழைய கொட்டகையோரமே வைப்பார்கள். தாளும் அவர்களே வருஷா வருஷம் அனுப்புவார்கள். உன் ஆராய்ச்சி நிற்காது.

நீ வர வேண்டாம்.

ஆமை


ஏப்ரல் 18

அன்புள்ள மடையனுக்கு,

பத்து மாதம்! சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? தையல்காரரா?

நீ ஒன்றைச் சொன்னாய், நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆராய்ச்சியை ஆறு வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். நான் விதைப் பிரிவில் உட்கார்ந்து பொட்டலத்துக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தாள் அவசியம், தவறாமல் அனுப்பு என்று வருஷா வருஷம் எழுதினேனே, இந்த நெளிவைக் காட்டும்வரை அது யாருக்கும் தேவைப்படவில்லை. துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தாளைக் கேட்காவிட்டால் உனக்கு எதற்குக் கடிதம் எழுதுவது? "எப்படி இருக்கே, சாப்பிட்டியா"ன்னு எழுத எனக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மே முப்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீண்ட விடுப்பு கேட்டிருக்கிறேன், கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவேன். பொட்டலம் ஒட்ட வேறு ஆள் கிடைக்கும்.

கல்லை மட்டும் அனுப்பிவிடாதே. நிறுத்திவை. உன் பரிதாபப் பேச்செல்லாம் எனக்குத் தெரியும். அதனால் நான் கல்லைப் பார்க்க வருவதாகவே வைத்துக்கொள். அக்கம்பக்கத்திலும் அப்படியே சொல். உனக்கும் மானம் போகாது, எனக்கும் போகாது.

சண்டைக்காரி


மே 4

அன்புள்ள என் மனைவிக்கு,

இருபத்தொன்பதாம் தேதி காலை வண்டி வந்துவிட்டது. பழைய போர்வையில் சுற்றி, எந்தப் பக்கம் வடக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்று சாக்கட்டியால் குறி போட்டு, நானே ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். மூன்று நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

படித்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். மேலாளர் நல்லவர். "வேணும்னா இன்னைக்கே திருப்பி எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். கொட்டகைக்கு வெளியே, வடக்குச் சுவரோரம் வைத்திருந்தார்கள். ஒரு மழையும் பெய்து முடிந்து, பாசி நல்ல பச்சையாக இருந்தது. உடனே மறுபடி அசைத்தால் தாங்காது. அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே, கல்லைப் பார்க்க நீ இங்கே வர வேண்டியதில்லை. தோட்டம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் சொல்லவும் ஒன்றுமில்லை, கல் போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கை நடுங்குகிறது. பொத்தான் போட யாருமில்லை, பனியன் போட்டுக்கொண்டு திரிகிறேன். ரோஷமெல்லாம் பேசியாயிற்று, அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ பரிதாபப்பட்டு வந்தாலும் சரி, சண்டை போட வந்தாலும் சரி. எனக்கு நீ வேண்டும். நீ கிளம்பிய அன்றைக்கு வாசலில் நின்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

எனக்காக வா.

இப்படிக்கு,
உன் கணவன்