பதினொரு அடுப்புக்கல்

1878 பெப்ரவரி 5, செவ்வாய்

காலையில் தூறல். வலது முழங்கால் வலி. பள்ளியை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எட்டு மணி அடித்தால் கை சோக்கட்டியைத் தேடுகிறது.

மாலையில் ராஜரத்தினம் வந்தான். என்னிடம் ஆறு வருஷம் படித்தவன். இப்போது தோட்டங்களுக்கு உபதேசியார். ஹந்தானை மலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயம் ஒன்றின் கோடியில் அவர்கள் கல்லைக் குவித்து, ஞாயிறுதோறும் சோறு படைக்கிறார்களாம். ஞானஸ்நானம் கேட்கிற ஏழு பேரும் அதில் சேர்த்தியாம். குவியலைப் பிரித்து ஓடையில் போட்டால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். "வீட்டுக்கு ஒரு அடுப்பு, ஐயா. நீங்க சொன்னதை மறக்கல."

என் உதாரணம்! இஸ்ரவேலர் முதலில் போன இடமெல்லாம் பலிபீடம் கட்டினார்கள். பிறகு ஏன் ஒரே இடத்தில் மட்டும் என்று கட்டளை வந்தது? பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொல்வேன்: அண்ணன் தம்பி ஆளுக்கொரு அடுப்பு மூட்டினால் வீடு இரண்டாகும். ஆகவே வீட்டுக்கு ஒரு அடுப்பு. நல்ல உதாரணம் என்று இருபது வருஷம் பெருமைப்பட்டேன்.



பெப்ரவரி 6

அது பாதிப் பாடம்! மற்றப் பாதி எங்கே போயிற்று? மண்ணைக் குவித்தோ, உளி படாத கல்லை அடுக்கியோ கட்டு, அங்கே உன்னிடம் வருவேன் என்று கடவுள் சொன்னதையும் அதே கரும்பலகையில்தானே எழுதினேன்? பயந்து ஓடி வந்தவன் பீடத்தின் மூலைக் கொம்பைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்ட கதையைச் சொன்னேனே? பீடம் என்பது கடவுளும் மனிதரும் ஒரே பந்தியில் இருக்கிற இடம், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி என்று சொன்னேனே?

இடிக்கிற பாடம் மட்டும் நினைவில் நின்றிருக்கிறது.

பெப்ரவரி 9, சனி

ஹந்தானைக்கு நடந்தே ஏறினேன். வழியில் மூன்று தடவை உட்கார்ந்தேன். இரு பக்கமும் காப்பி. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் செம்மஞ்சள் தூள், விரலில் ஒட்டுகிறது. துரைமார் இந்த நோயைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

லயத்தின் மேல் கோடியில், தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் குவியல். என்ன பெரிய குவியல்! பதினொரு கல். ஒவ்வொன்றும் தேங்காயளவு. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் கரி.

வீரம்மா என்ற பெண் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். போன வருஷப் பஞ்சத்தில் கடல் கடந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்தவள். இந்தக் கல்லெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"கல்லு இல்லீங்க வாத்தியாரய்யா. ஆளுங்க." தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க அத்தை. இது மூக்காயி மக. இது அவரு."

கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். கல்லைத்தான் காட்டுகிறாள். கரி ஒரு பிறை மாதிரி படிந்த கல்.

"பேதி கண்டு ஒருத்தர் விழுந்தா கங்காணி நிக்க விடமாட்டாருங்க. சேலையைப் போத்திட்டு நடக்கணும். அதனால அன்னிக்கு ஆக்கின அடுப்புல ஒரு கல்லை எடுத்துக்குவோம். மூணுல ஒண்ணு போயிட்டா அந்த அடுப்புல வேற யாரும் ஆக்க முடியாதுல்ல? அவுங்க கடைசியா சாப்பிட்ட அடுப்பு அவுங்களுக்கே இருக்கட்டும்னு."

அந்தக் கல்லை மாற்றி மாற்றித் தலையில் சுமந்து வந்திருக்கிறார்கள். பட்டினியில். அந்தக் காட்டு வழியில்.

கங்காணி அழகமுத்து குடையோடு வந்தான். "நின்னு நின்னு பொதைச்சிருந்தா எனக்கும் சேத்து ஒரு குழி வெட்டியிருக்கணும், வாத்தியாரே. காப்பிக்கே நோவு. இந்தக் கல்லுக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று சிரித்தான். கைத்தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அடித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

வீரம்மாவின் கணவன் பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். இவள் பெறவில்லை; இப்போது கேட்கிற ஏழு பேரில் ஒருத்தி.

"அவரு போன எடத்துக்கு நானும் போகணும்லங்க? கல்லை வச்சிருந்தா அங்க விடமாட்டாங்கன்னு உபதேசியார் சொல்றாரு. கல்லைத் தூக்கி ஓடையில போட்டுட்டு அங்க போனா, அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

முப்பது வருஷம் வேதம் படிப்பித்தேன். தடியை ஊன்றிக்கொண்டு மலை இறங்கினேன்.

பெப்ரவரி 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ராஜரத்தினத்தைக் கோயில் வாசலில் பிடித்தேன். நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். நான்! வகுப்பில் பிரம்பைத் தொடாதவன்.

"அந்தக் கல்லின் கதையைக் கேட்டாயா நீ?"

"கேட்டேன் ஐயா. கதை எல்லாச் சிலைக்கும் இருக்கு. ஞாயித்துக்கிழமை மொத அகப்பைச் சோறு அதுக்குத்தான் போகுது. படையல் இல்லாம அது என்ன?"

"உன் தாய்க்கு நீ சோறு போட்டால் அது படையலோ?"

"எங்க அம்மா உயிரோட இருக்காங்க ஐயா."

அவனுக்கு நாக்கு நீளம். அதையும் நான்தான் வளர்த்தேன்.

பெப்ரவரி 11

இன்னும் கோபம். என் மனைவி வடிவம்மா சொல்கிறாள்: "மனுசன், உரிக்கிற வெங்காயத்தோடையும் சண்டை பிடிக்கிறியள்."

பெப்ரவரி 18

வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்து ஐந்தாவது தடவை.

யோர்தானுக்கு அக்கரையில் குடியேறிய கோத்திரத்தாரைப் பற்றி எழுதினேன். ஆற்றங்கரையில் பெரிய பீடம் கட்டினார்கள். இக்கரையார் கேள்விப்பட்டு, வேறு தெய்வத்துக்குப் போய்விட்டார்கள் என்று வாளை எடுத்தார்கள். நல்லவேளை, வெட்டுவதற்கு முன் போய்க் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்: இது பலிக்கு அல்ல, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று கேட்டால், நாங்களும் உங்களோடு வந்தவர்கள்தான் என்பதற்குச் சாட்சி. கேட்டவர்கள் வாளை உறையில் போட்டார்கள்.

ஐயா, நாமும் முதலில் போய்க் கேட்போம் என்று முடித்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

வெற்றி!

பாதிரியார் குதிரையில் ஹந்தானைக்கு வந்தார். குவியலைச் சுற்றி நடந்தார். வீரம்மாவிடம் நானே மொழிபெயர்த்துக் கேட்டேன். தொப்பியைக் கழற்றினார். இருக்கட்டும் என்றார். ஆனால் பார்க்கிறவர் சிலைக்குப் படைக்கிற இடமென்று நினைக்காதபடி ஒழுங்காகக் கட்டச் சொன்னார். கல்லைச் சதுரமாகக் கொத்தி, சுண்ணாம்பு வைத்து, மேலே சிலுவை, கீழே பதினொரு பெயர். ஞானஸ்நானம் பதினேழாம் திகதி.

நன்றி சொன்னேன். கண் கலங்கிவிட்டது. ராஜரத்தினம் தலை குனிந்து நின்றான். அதைப் பார்த்து ரசித்தேன். உள்ளதை எழுதுகிறேன். ரசித்தேன்.

மார்ச் 6, புதன்

பிலிமத்தலாவையிலிருந்து கல் கொத்துகிற ஒருவரைப் பிடித்து நாளைக்கு மேலே அனுப்ப ஏற்பாடு. மூலை கூராக இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பெயர்களை அழகாக எழுதி வைத்தேன். வீரம்மாவின் கணவன் பெயரை அழகமுத்துவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கறுப்பையா.

மார்ச் 7

ஐயோ.

மார்ச் 8

எழுதிவிடுகிறேன்.

பெயர்த்தாளோடு நேற்று மத்தியானம் ஏறினேன். உளிச் சத்தம் கேட்கும் என்று காது கொடுத்துக்கொண்டே போனேன். கேட்கவில்லை. கல் கொத்துகிறவர் ஒரு பக்கம் வெற்றிலை மென்றுகொண்டு முறைத்தபடி இருந்தார். அவருடைய உளி ராஜரத்தினத்தின் மடியில். ராஜரத்தினம் மண்ணில் உட்கார்ந்திருந்தான், வெள்ளைச் சட்டையோடு. பக்கத்தில் வீரம்மா. அவள் முன்னால் மூன்று கல். சதுரமாக, சுத்தமாக, புதிதாக. கரி முழுவதும் போய்விட்டது.

"ஐயா," என்றான் ராஜரத்தினம். "இரும்பு பட்டா அந்தக் கல்லு தீட்டாயிடும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? கடவுளுக்கு நம்ம கைவேலை வேணாம், கல்லு இருந்தபடியே வேணும்னு? ஒரு உதாரணம்கூடச் சொன்னீங்க. தகப்பனைப் பார்க்க வர்ற பிள்ளை மூஞ்சியைச் செதுக்கிட்டா வரும்னு. நான் மேல வந்து சேர்றதுக்குள்ள மூணு போயிருச்சு."

மற்றப் பாதியும் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மறந்தவன் நான்.

வீரம்மா அழவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அவரு எதுங்க வாத்தியாரய்யா?"

என் கையில் தாள். அதில் நல்ல கையெழுத்தில் கறுப்பையா. அதை நீட்டவா? எழுத்துத் தெரியாத பெண்ணிடம், அவள் வாயால் சொல்லாத பெயரை?

முட்டாள். முழு முட்டாள். அவன் இடிக்கத்தான் சொன்னான். இடித்திருந்தால் ஓடையில் இறங்கி அந்தப் பிறைக் கல்லைத் தேடி எடுத்திருப்பாள். இதை எங்கே போய்த் தேடுவாள்?

மார்ச் 12

ராஜரத்தினம் பாதிரியாரிடம் போயிருக்கிறான். உளி படாத எட்டும் அப்படியே இருக்கட்டும், அந்த முதல் அகப்பைச் சோற்றுக்குத் தானே பொறுப்பு என்று சொல்லியிருக்கிறான். எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டான். எனக்குச் சொல்லியனுப்பினான், வரவில்லை. ஏன் வரவேண்டும்?

மார்ச் 17, ஞாயிறு

ஏழு பேரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வீரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்து கலைகிறபோது ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"நீங்க செஞ்சது. நீங்களே உங்க அடுப்புல வச்சுக் கரியேத்திக் குடுங்க. கறுத்தாத்தான் அவுங்களோட சேர்த்து வைப்பேன்."

மூன்று கல்லையும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ராஜரத்தினம் வாங்க வந்தான். கொடுக்கவில்லை. ஆனாலும் கண்டிச் சந்தி வரைக்கும் கூடவே நடந்தான்.

மார்ச் 18

வடிவம்மா குதிக்கிறாள். "உங்களுக்கு விசரே? ஆரெண்டே தெரியாத, செத்த கூலிச் சனத்தின்ரை கல்லை என்ரை குசினிக்கை வைக்கிறதோ? ஊரிலை கேள்விப்பட்டால் ஆர் எங்கடை வீட்டிலை கை நனைப்பினம்?"

நாற்பது வருஷம் ஒரே வேதப் புத்தகத்தை வாசித்தோம், அவளும் நானும். இந்த வார்த்தை எங்கே ஒளிந்திருந்தது? நானும் கத்தினேன். பிறகு யோசித்தேன்: சாக்கை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் விறாந்தையில் வைத்தது யார்? நான்தானே.

மார்ச் 22

சாக்கு விறாந்தையிலேயே இருக்கிறது. இருவரும் அதைச் சுற்றி நடக்கிறோம்.

மார்ச் 25

பிறைக் கரியைப் பற்றியும், பாதிச் சோறு உண்டவரைச் சேலை போர்த்தி விட்டு வந்ததைப் பற்றியும் வடிவம்மாவுக்குச் சொன்னேன். உதாரணம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 26

காலையில் எழும்பிக் குசினிக்குப் போனால் எங்கள் பழைய அடுப்புக் கற்கள் வேலியோரம் கிடக்கின்றன. அடுப்பில் அந்த மூன்றும். பானை சரிகிறது. "கொத்தின கல்லிலை பானை நிக்காது, வழுக்குது," என்று ஏசிக்கொண்டே அடியில் ஓட்டுத்துண்டு செருகினாள்.

"இதிலை எது அவளின்ரை மனுசன்?"

"தெரியாது."

"அப்ப மூண்டையும் ஒரே மாதிரித்தான் எரிக்கவேணும்."

ஏப்ரல் 21, ஈஸ்டர்

மலையெல்லாம் காப்பிப் பூ. நோய் பிடித்த செடியும் பூத்திருக்கிறது. ராஜரத்தினம் விறகு கட்டிக் கொண்டுவந்தான், எரிந்தால் புகை கூடிய பச்சை விறகாகப் பார்த்து. வடிவம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனை ஏசினாள். அவன் சிரித்தான். நானும்.

ஜூன் 9, ஞாயிறு

வீரம்மா இறங்கி வந்தாள். வாசலோடு நின்றாள். வடிவம்மா போய், "உள்ளுக்கை வா பிள்ளை, அங்கை நிண்டால் என்ன தெரியும்?" என்று கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப் போனாள்.

வீரம்மா அடுப்பின் முன் குந்தி வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு கறுத்திருச்சும்மா. இது இன்னும் வெளுப்பா இருக்கு. இருக்கட்டும். அடுத்த ஞாயிறு வர்றேன்."

"சாப்பிட்டிட்டுப் போ," என்றாள் வடிவம்மா. சோற்றை இறக்கி முதல் அகப்பையை அள்ளினாள். வழக்கமாக அது என் சோற்றுக் கோப்பைக்கு வரும். அவள் கை கொஞ்சம் நின்றது. அடுப்பின் ஓரத்தில், அந்த வெளுப்புக் கல்லின் பக்கம், ஒரு வாழையிலைத் துண்டில் போட்டாள். இரண்டாவது அகப்பை வீரம்மாவுக்கு.

எனக்கு வாயில் ஓர் உதாரணம் வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.