என் கையெழுத்தோடு கடலில் இருக்கும் பத்துத் தெப்பங்கள்

அனுப்புநர்:
எடெல்மிரா ஒயார்சோ வேரா,
உயிர்காப்புத் தெப்பப் பராமரிப்பாளர்,
படகுத்துறைத் தெரு, புவெர்த்தோ கிலாந்தோ, சிலி.

பெறுநர்:
துறைமுகத் தலைவர் அவர்கள்,
புவெர்த்தோ கிலாந்தோ.

பொருள்: பிரித்துப் பார்க்காத தெப்பங்களுக்கு என் பெயரில் தரப்பட்ட சான்றிதழ்களை ரத்து செய்து, அக்கப்பல்களை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திரு. அகுஸ்தோ ரெடில் நடத்தும் பராமரிப்பு நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கப்பலின் தெப்பத்தையும் கரைக்குக் கொண்டுவந்து, காற்றடைத்துக் கசிவு பார்த்து, கயிற்றை இழுத்ததும் தெப்பத்தை விரியவைக்கும் வாயு உருளையை எடைபோட்டு, காலாவதியான குடிநீரை மாற்றி, மடித்து முத்திரையிட வேண்டும். ஒரு தெப்பத்துக்கு ஒரு நாள் முழுதாக ஆகும்.

2. ஜூலையில் தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குக் கிளம்பியபோது, திரு. ரெடில் பன்னிரண்டு வெற்றுச் சான்றிதழ்களை நீட்டினார். "நீ வர்ற வரைக்கும் வேலை நிக்கக் கூடாதுல்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, தெப்பத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். போட்டேன். இந்தக் குற்றத்தை மறைக்க இம்மனுவை எழுதவில்லை.

3. செப்டம்பர் 2 அன்று 'லா பர்தேலா' சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. அதிலிருந்த ஏழு பேரும் தெப்பத்தைக் கடலில் தள்ளிக் கயிற்றை இழுத்தார்கள். அது பாதி விரிந்து துவண்டது. உருளையில் போதிய வாயு இல்லை. துவண்ட ரப்பரைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் குளிர்நீரில் கிடந்தார்கள். ஐவர் மீண்டனர். இயந்திரப் பணியாளர் நோல்பெர்த்தோ பார்ரியாவும் சமையல்காரர் ஹெர்மான் மன்சீயாவும் மீளவில்லை.

4. பார்ரியாவின் மனைவி எர்சிரா, சான்றிதழின் நகலோடு என் வீட்டுக்கு வந்தார். "இது உன் கையெழுத்துதானே? தெப்பம் இருக்கு, பயப்படாதேன்னு போன்ல சொன்னானே என் புருசன்" என்று கேட்டுவிட்டு, தாளை மேசையில் வைத்துப் போய்விட்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

5. திரு. ரெடிலிடம் போய்க் கத்தினேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "கையெழுத்து யாருது? உன்னுது. வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீதான்" என்றார். தங்கள் விசாரணையிலோ, இறந்த இருவரே கயிற்றைத் தவறாக இழுத்ததாக வாக்குமூலம் தந்திருக்கிறார். ஐயா, எப்படி இழுத்தாலும் உருளையில் இல்லாத வாயு வராது. செத்தவர்கள் வந்து மறுக்க மாட்டார்கள் என்ற தைரியம் இது.

6. நேற்று 'மரியா எலிசா' பயணிகள் படகின் தலைவர் திரு. ஹுவெஞ்சூரைப் பார்த்தேன். "உன் பேரு இருந்தா நான் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையே, எடெல்மிரா" என்றார். நான்கு சாட்சிகள் முன் தெப்பத்தைப் பிரித்தோம். ஜூலை 11 அன்று சோதித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. உறைமேலோ போன ஆண்டு நான் இட்ட முத்திரை உடையாமல் இருந்தது. எடைபோட்டதில், உருளையில் வாயு பாதிக்கும் குறைவு. அவர் தம் படகைத் தாமே நிறுத்திவிட்டார்.

7. மீதிப் பத்துக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 418 முதல் 429 வரையுள்ள என் சான்றிதழ்கள் அனைத்தையும் செல்லாதவை என அறிவியுங்கள். இறந்தவர்கள்மேல் சுமத்திய பழியை விசாரணைப் பதிவிலிருந்து நீக்குங்கள். திரு. ரெடில்மேல் வழக்குத் தொடுங்கள்; என்மேலும் தொடுங்கள். என் உரிமத்தையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் இணைத்துள்ளேன்.

8. 'கவனிக்கப்படும்' என்ற பதில் எனக்கு வேண்டாம். இன்று மாலை நான்கு மணிக்கு 'எஸ்த்ரேயா' நாற்பத்தொரு பயணிகளோடு தீவுகளுக்குப் புறப்படுகிறது. அதன் தெப்பச் சான்றிதழ் எண் 426. அந்தத் தெப்பத்தை இந்த ஆண்டு நான் தொடவே இல்லை. அதை நிறுத்துங்கள், ஐயா.

இடம்: புவெர்த்தோ கிலாந்தோ
நாள்: செப்டம்பர் 11, காலை 9 மணி

இம்முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவள்,
எடெல்மிரா ஒயார்சோ வேரா