மீன் இல்லாத தொட்டியும் தாணே போன இசக்கியும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலேயே வெயில். விசிறிக் காற்றும் சூடு.

தொட்டியில் மணல் முழுக்கப் பழுப்பு. நேற்று லேசாக, சுக்குப் பொடி தூவின மாதிரி. இன்று கண்ணாடியிலும் ஏறிவிட்டது. தொட்டால் வழவழ.

கிங்ஸ் சர்க்கிள் மீன் கடை ஃபிரோஸுக்குப் போன். பாதி தமிழ், பாதி இந்தி அவனுக்கு. "டென்ஷன் வேணாம் அங்கிள். புதுத் தொட்டின்னா பாசி வரும், தன்னால போகும். ஹாத் மத் லகாவ். கை வெக்காதீங்க."

கை வைக்காமல் எப்படி? எழுபத்திரண்டு வயதுக்கு அந்த ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டு வேலாயுதம் அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்தார். "மாஹிம்ல அம்மாம் பெரிய கடல் கெடக்கு. நீரு உப்பு மூட்டை வாங்கிக் கடல் செய்யுதீராக்கும்?"

"அந்தக் கடல்ல உம்ம மூஞ்சி தெரியுமாவே? இதுல தெரியும், நல்லாப் பாரும்."

பார்த்தார். பழுப்பில் ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போனார். எனக்குத்தான் அசிங்கம்.

இப்போதைக்கு உப்புத் தண்ணீர், மணல், கல். அவ்வளவுதான். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி வளர வேண்டுமாம். தண்ணீரில் உள்ள விஷத்தை அது தின்னுமாம். அது பெருகின பிறகுதான் மீன். அதற்கு முன்னால் விட்டால் செத்துப்போகும். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பது. மஞ்சள் என்றால் மீன் விடலாம். பச்சை என்றால் விஷம். இன்று இரண்டும் இல்லை, எலுமிச்சங்காய் நிறம்.

நவம்பர் 5, புதன்

காப்பி நானே. சுமார். மாத்திரை போட்டேனா இல்லையா, ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரி இசக்கி இன்னும் தாணேயில், மகள் செல்வி வீட்டில். டிவி இருந்த இடத்தில் தொட்டியை வைத்தது குற்றம். டிவி இப்போது உள் அறையில் பீரோ மேலே. கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"இருந்த டிவியத் தூக்கிட்டு வெறுந்தண்ணிய வெச்சிருக்கிய" என்றாள் அன்றைக்கு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஒன் சீரியல்ல அழுகுதாளுவள்லா, அந்தக் கண்ணீரத்தாம்ட்டி புடிச்சு வெச்சிருக்கேன். அதுவும் உப்புதான" என்றேன்.

பையைத் தூக்கிவிட்டாள். "மீன் வந்தா போன் போடுங்க. அப்ப வாறேன்."

விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகிறது. கேலி செய்ய வீட்டில் ஆள் இல்லை. இன்று காரணமே இல்லாமல் மூன்று தடவை படி இறங்கி ஏறினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

கை வைத்துவிட்டேன்.

என்ன செய்ய? இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் தாராவிச் சந்தில் எல்லோரும் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்துக் குடித்தவர்கள்தான். டிரம்மில் வழவழப்புக் கண்டால் ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்துத் தேய்த்தாக வேண்டும். சந்து முழுக்க டிரம் உருளும். தேய்க்காத வீட்டைப் பற்றி ஊரே பேசும்.

அதே மாதிரி தண்ணீர் மொத்தமும் வெளியே. கல், மணல் எல்லாம் பக்கெட்டில். குழாய்த் தண்ணீர், நைலான் பிரஷ், ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர். நன்றாக அலசி, புதிதாக உப்புக் கரைத்து ஊற்றினேன். இடுப்பு போயிற்று. ஆனால் தொட்டி? பளபள!

சூட்டோடு தாணேக்குப் போன். "ஏட்டி, தொட்டி கண்ணாடி மாதிரி கெடக்கு!"

"மீனு?"

வாய் சும்மா இருக்கவில்லை. "வந்துட்டு. ஒன்னு. ஆரஞ்சுக் கலரு. கூச்சப்படுது, கல்லுக்குப் பொறத்தால போயி ஒளிஞ்சுக்கிடுது."

"ஒங்களப் பாத்தா ஒளியாம என்ன செய்யும்? ஞாயித்துக்கெழம பாத்து வாறேன்."

எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

சொட்டு விட்டுப் பார்த்தால் பச்சை. கரும்பச்சை.

ஃபிரோஸ் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். சத்தம் கேட்டது. "இது டிரம்மா அங்கிள்? கிருமி எல்லாம் மர் கயா! செத்துப்போச்சு! திரும்ப முதல்லேர்ந்து."

"ஒரே ஒரு மீனு குடுப்பா. ஞாயித்துக்கெழம ஒரு நாளைக்கு."

"திங்கட்கிழமை அதைத் தூக்கிப் போடுவீங்க. நான் தர மாட்டேன்."

சாயங்காலம் கடைக்குப் போனபோது கிருமி வளர்க்கும் மருந்து ஒரு பாட்டில் கொடுத்தான். ஊற்றினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அவள் வரவில்லை. நிம்மதி. நிம்மதியும் இல்லை.

நவம்பர் 19, புதன்

வெயில் குறையவில்லை. கிழக்கு ஜன்னல் வழியாக நேரே தொட்டியில் அடிக்கிறது.

பழுப்பு போய் இப்போது பச்சை. நூல் நூலாக. கல்லுக்குத் தாடி. அண்ணாச்சி கேட்கிறார், "சலூனுக்குக் கூட்டிட்டுப் போவோமாவே?"

குர்லா போனேன். அங்கே ஒரு கடையில் யாருக்கும் எதையும் கொடுப்பார்கள். ஆரஞ்சு மீனைப் பையில் கட்டிக் கையிலும் கொடுத்துவிட்டான். பைக்குள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஒன்றும் அறியாத முகம். ஒரு பொய்க்காக இதை அந்தப் பச்சைத் தண்ணீரில் விடுவதா? திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரன் திட்டினான். மராத்தி. பாதி புரிந்தது, பாதியே போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

வந்துவிட்டாள்!

கையில் சின்னப் பர்ஸ் மட்டும். பெரிய பை இல்லை. தங்குவதற்கு வரவில்லை.

வந்ததும் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். டிவி இருந்த காலத்தில் வெயில் கூசுகிறது என்று தினமும் மூடுவாள், அதே கை. அவள் போனதிலிருந்து நான் மூடவே இல்லை. அப்போதுதான் உறைத்தது, தாடி எங்கிருந்து வந்தது என்று.

"எங்க ஒங்க மீனு?"

"கல்லுக்குப் பொறத்தால."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்குள். டீ போடுகிற மாதிரி. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து டம்ளரோடு வந்தேன்.

"பாத்துட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"மீனத்தான். ஆரஞ்சு. வாலு லேசாக் கிழிஞ்சிருக்கு. மூக்கு ஒங்கள மாதிரியே."

குனிந்து பார்த்தேன். பாசி. இன்னொரு தடவை பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த மனுஷனும் எட்டிப் பார்த்து, "ஆமா, நல்ல கலரு" என்கிறார்!

பிறகு செல்விக்குப் போன். "ஏளா, என் பைய மாப்பிள்ளைட்டக் குடுத்து விடு. இங்கன மீனு ஒளிஞ்சிருக்கு. அது வெளிய வாறவரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் வருவேன்."

டீ ஆறிவிட்டது. இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

நவம்பர் 30, ஞாயிறு

திரை மூடியே இருக்கிறது. தொட்டி விளக்கும் கொஞ்ச நேரம்தான். இசக்கி கையை விட்டுப் பச்சையைப் பிடுங்கிப் பிடுங்கி எடுக்கிறாள், கீரை ஆய்கிற மாதிரி. இடையில் கல்லைப் பார்த்து, "நவுருப்பா, ஒன்னத் தொட மாட்டேன்."

டிவி மறுபடி ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில். சீரியலில் ஒருத்தி அழுதாள். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் லேசான குளிர். சொட்டு விட்டுப் பார்த்தால் மஞ்சள். ஃபிரோஸ் நத்தை ஐந்து கொடுத்தான், மிச்சப் பாசியைத் தின்ன. ராத்திரிக்குள் ஒரு மூலை சுத்தம். இசக்கி ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டாள். இருப்பதிலேயே மெதுவாகப் போகிற நத்தைக்கு வேலாயுதம்.

டிசம்பர் 21, ஞாயிறு

மறுபடியும் மஞ்சள். நல்ல மஞ்சள்.

ஃபிரோஸ் போன். "ரெடி அங்கிள்! ஆரஞ்சு மீன் ஜோடியா எடுத்து வெச்சிருக்கேன். ஆஜ் ஆவோ. இன்னிக்கே வாங்க."

"அவசரம் இல்லப்பா. பொங்கல் போகட்டும்."

உள்ளேயிருந்து இசக்கி, "யாருங்க போன்ல?"

ராங் நம்பர் என்றேன்.