உன் பங்கு வசனங்கள்

இன்று காலை வேதத்தைத் திறந்ததும் கிராம்பு வாசனை வந்தது. ஜெபத்துக்கு உட்காரும்போது இருமல் வராமலிருக்க ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாயே, அதில் ஒன்று எப்போதோ நழுவிப் பக்கங்களின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துப் போட மனம் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போனது ஆடியில். இப்போது தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைக்கூட எல்லாரும் இறக்கிவிட்டார்கள். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், இத்தனை மாதமாக எனக்கு வேதம் காய்ந்துபோய்க் கிடந்தது. தினமும் திறந்தேன், வாசித்தேன், மூடினேன். மருந்துச் சீட்டை வாசித்தால்கூட அதைவிட ஏதாவது புரிந்திருக்கும். போதகரிடம் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "விடாம படிங்கண்ணே, தானா வரும்" என்றார். பாவம், சின்ன வயசு, வேறென்ன சொல்வார்? வரவில்லை. வருஷம் பிறந்ததும் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவே கட்டிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் ஒருநாளும் விடாத காரியம். விட்டால் உன்னையும் சேர்த்து விட்டதாகிவிடுமோ என்ற பயம் மட்டும்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

நீ இருந்தபோது அது எனக்குக் காய்ந்ததே இல்லையா என்றால், காய்ந்திருக்கிறது. ஆனால் நீ விடமாட்டாய். ஆளுக்கொரு வசனம் என்பது நம் வீட்டு முறை. முதல் வசனம் என்னுடையது, அடுத்தது உன்னுடையது. குத்தாலம் கும்பகோணம் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவன் நான், டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் என் வசனத்தை முடித்துவிடுவேன். "எங்க ஓடுறீங்க? அடுத்த ஸ்டாப்புல யாரும் கை காட்டலையே" என்பாய். வம்ச வரலாறு வந்துவிட்டால் எனக்குக் கொட்டாவி வரும். இவன் அவனைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். தாண்டிப் போகலாம் என்பேன், நீ சம்மதிக்க மாட்டாய்.

"கல்லறைத் தோட்டத்துல நடக்கும்போது ஒவ்வொரு பேரா படிச்சிக்கிட்டே வருவீங்கல்ல? அதுமாதிரி படிங்க. எல்லாரும் யாரோ ஒரு வீட்டு ஆளுங்கதான்."

நான் சிரித்தேன். இப்போது அந்தத் தோட்டத்தில் வேப்பமரத்துப் பக்கம் உன் பெயர் இருக்கிறது. அங்கே நின்று அதை வாசிக்க இன்னும் எனக்குத் தைரியமில்லை.

போன வாரம் ஒரு காலை. தஞ்சாவூரிலிருந்து நம் மகள் டியூட்டிக்குக் கிளம்புமுன் வழக்கம்போல் போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அவள் கேட்க, எனக்கு என்னவோ அன்று பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்கு இனிமே யாரும்மா இருக்கா" என்று சொல்லிவிட்டேன். "ஜெபம் பண்ணிட்டீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். "போனை வைக்காம படிங்க, நானும் கேக்குறேன்."

ரூத்தின் கதை, முதல் அதிகாரம். பிழைக்கப் போன தேசத்தில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு நகோமி சொந்த ஊருக்குத் திரும்பி வருகிற இடம். போகும்போது எல்லாம் இருந்தது, வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறேன் என்று அவள் அழுகிறாள். அதை வாசித்துவிட்டு வேதத்தை மூடினேன்.

"ஏம்பா, என்ன இப்படிப் படிக்கிறீங்க?" என்றாள் மகள்.

"எப்படி?"

"ஒண்ணு படிக்கிறீங்க, பேசாம இருக்கீங்க, அதுக்கு அடுத்ததைத் தாண்டிட்டு மூணாவதுக்குப் போறீங்க. நானும் மொதல்லேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். அம்மா படிக்கிற வசனத்தையெல்லாம் விட்டுட்டே போறீங்கப்பா."

நம்ப மாட்டாய், அதுவரை எனக்கே தெரியாது. என் வசனம் முடிந்ததும் வாய் தானாக நின்றிருக்கிறது. நீ வாசித்து முடிக்கும் நேரத்துக்குக் காத்திருந்துவிட்டு, கண் தானாக என் அடுத்த வசனத்துக்குப் போயிருக்கிறது. ஆடியிலிருந்து பாதி வேதத்தைத்தான் நான் வாசித்திருக்கிறேன். யோசித்தால் உன் பங்கை என் வாயால் நான் வாசித்ததே கிடையாது. அந்த வசனங்கள் எல்லாம் உன் குரலில் மட்டுமே எனக்குத் தெரியும்.

"இன்னும் ஒரு வசனம் பாக்கி இருக்குப்பா, நான் படிக்கிறேன்" என்றாள். தன் வேதத்தைத் திறந்து வாசித்தாள். நகோமி தன் மருமகள் ரூத்தோடு ஊர் வந்து சேர்ந்தாள், அப்போது அங்கே அறுப்பு தொடங்கியிருந்தது என்கிற வசனம். உன் பங்கு. அதை நீ வாசித்ததும், "அறுப்பு நேரத்துல வந்துட்டாங்கல்ல, இனிமே பட்டினி கிடையாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய். சின்ன வயதில் உன் அம்மாவோடு அறுப்பு வயலில் நின்ற பிள்ளை, உனக்குத் தெரியாதா?

எனக்கு அன்று தைத்தது வேறு. தனக்கு ஒன்றுமே இல்லை என்று நகோமி ஊரைக் கூட்டி அழும்போது, அவளோடு நடந்தே வந்த ரூத் பக்கத்தில்தான் நிற்கிறாள். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். லீவு கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிற நம் மகளிடம் நானும் அதைத்தான் கொஞ்சம் முன்பு சொல்லியிருந்தேன். அவளுக்கும் நீ அம்மாதானே. அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

எல்லாம் பச்சையாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் வெறும் எழுத்தாகத்தான் தெரிகிறது. ஆனால் பீரோவில் வைக்கவில்லை. மறுநாள் காலை நானே அவளுக்குப் போன் செய்தேன். "என்னப்பா, ஒடம்புக்கு என்ன?" என்று பதறினாள். "ஒண்ணும் இல்லம்மா. ரெண்டாம் அதிகாரம் படிக்கணும். இன்னைக்கு நீ ஆரம்பி" என்றேன்.

அவள் முதல் வசனத்தை வாசித்தாள். அடுத்தது உன்னுடையது. அவசரமில்லாமல், நான் வாசித்தேன்.