ஏழு பேரில் இருவர்

பாரிகியா, பாரோஸ் தீவு
மார்ச் 11

அன்புள்ள மகள் தெயோக்திஸ்திக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான்கு நாட்களாக வடகாற்று ஓயவில்லை. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. ஆகவே இக்கடிதம் ஜெர்மனியில் உன் ஹம்பர்க் முகவரிக்கு வந்து சேரத் தாமதமாகலாம்.

ஏதென்ஸிலிருந்து உன் வழக்கறிஞர் அனுப்பிய உறை பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி கிடைத்தது. கோபம் தணிந்தபின் பதில் எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். தணியவில்லை. எனவே தணியாமலேயே எழுதுகிறேன்.

உறையில் ஒரே ஒரு தாள் இருந்தது. நீ பெயரை மாற்றிக்கொள்ள மனுச் செய்திருக்கிறாய் என்பதையே அந்தத் தாளைப் படித்துத்தான் அறிந்தேன். "என் மகள் சிறு வயது முதலே வீட்டாராலும் உற்றாராலும் லிடியா என்றே அழைக்கப்பட்டு வந்தாள் என உறுதி கூறுகிறேன்" என்று அதில் எனக்காக முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. நான் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் பழங்கிரேக்கம் கற்பித்தவனுக்குத் தாளின் அடிப்பகுதி எது என்று தெரியாது எனக் கருதினார்கள் போலும்.

வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான் சார். எல்லாரும் இப்படித்தான் எழுதித் தர்றாங்க. கோர்ட்ல யாரும் படிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க" என்றார். படிக்கப்படாத பொய்க்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டேன். பிறகு, "உங்க பொண்ணு உங்ககிட்ட இதப் பத்தி ஒண்ணும் பேசலையா சார்?" என்றார். பேசவில்லை என்று முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குடும்பத்தில் ஒருவராவது சாட்சி சொல்லாவிட்டால் மனு நிற்காது என்பதையும், விசாரணை ஏப்ரல் மூன்றாம் தேதி என்பதையும் அவர்தான் தெரிவித்தார்.

இருபத்தேழு ஆண்டுகளில் உன்னை லிடியா என்று ஒருவரும் அழைத்ததில்லை. அந்தப் பெயர்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேதாகமத்தில் வருவது, இரத்தாம்பரத் துணி விற்ற நல்ல பெண்மணி ஒருத்தியின் பெயர், மே இருபதாம் தேதி அவளுக்குத் திருநாளும் உண்டு. ஆனால் பிரேயஸ் துறைமுகத்தில் நின்று அப்பெயரை உரக்கச் சொன்னால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நீ துறக்க நினைக்கும் பெயர் அப்படிப்பட்டதன்று. கடவுளால் கட்டப்பட்டவள் என்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் லெஸ்போஸ் தீவிலிருந்து கடற்கொள்ளையர் பிடித்துச் சென்ற கன்னித் துறவி ஒருத்தி, நம் தீவில் கப்பல் நின்றபோது தப்பிக் காட்டுக்குள் ஓடினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பாழடைந்த நம் கோயிலில் தனியே வாழ்ந்தாள். அவளைக் கண்ட வேட்டைக்காரன், அவள் இறந்தபின் புனிதப் பொருளாக இருக்கட்டும் என்று அவள் கையை வெட்டி எடுத்துக்கொண்டு கப்பலேறினான். பாய் விரித்தும் கப்பல் அசையவில்லை. கையைத் திரும்ப அவளிடமே வைத்த பிறகுதான் நகர்ந்தது. இவற்றையெல்லாம் நீ அறிவாய். பத்து வயதில், "முப்பத்தஞ்சு வருஷம் ஒளிஞ்சே கெடந்தவங்க பேர ஏம்ப்பா எனக்கு வச்சீங்க?" என்று கேட்டாய். கெட்டிக்காரத்தனம் என்று சிரித்துவிட்டேன்.

லெஸ்போஸில் இப்பெயர் கொண்டவர்கள் சிலர் உண்டு. மற்ற ஊர்களில் அரிது. இங்கேயும் அரிதே. சென்ற வாரம் நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளை வாங்கிப் புரட்டினேன். எண்பது ஆண்டுகளில் ஏழே பேர். அந்த எழுவரில் இருவர் என் மகள்கள்.

உன் ஞானத்தாய் ஸ்தமாதினாவிடம் அம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் கடைக்கு ரொட்டி வாங்கப் போனபோது, ஆறு பேர் நிற்க, "ஏன் வாத்தியாரே, ஜெர்மன்காரனுக்கு நம்ம பேரச் சொல்லி நாக்கு சுளுக்கிக்கிச்சாமா?" என்று ஆரம்பித்தாள். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து, "அந்தப் பேர மூணு தரம் கோயில்ல சத்தமாச் சொன்னவ நான். நான் கடவுள்கிட்டப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். உன் ஞானஸ்நானத்தன்று வழக்கப்படி அம்மா உள்ளே வராமல் வாசலில் காத்திருந்தாள். பெயரை முதலில் சொல்லிக் காசு வாங்கப் பிள்ளைகள் முண்டியடித்து ஓடினார்கள். "தெயோக்திஸ்தியாம்! மறுபடியும் தெயோக்திஸ்தியாம்!" என்று கத்தினார்கள். அந்த 'மறுபடியும்' என்பதை எந்தப் பிள்ளை சேர்த்தது என்று தெரியவில்லை. அம்மா எல்லாருக்கும் காசு கொடுத்தாள்.

உன் அக்காவைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. மூளைக்காய்ச்சல். காற்றினால் இரண்டு நாள் கப்பலுக்குத் தடை. மூன்றாம் நாள் கப்பல் வந்தது, அப்போது தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நீ பிறந்தாய். போனவளின் பெயரை வந்தவளுக்கு வைப்பது இங்கே புதிதல்ல. பெயர் மீண்டும் வீட்டில் ஒலிக்கவேண்டும் என்பார்கள். ஒலித்தது. அவளை அழைத்த சுருக்கப் பெயரை மட்டும் உனக்குத் தரவில்லை. அதனால்தான் உன்னை எல்லாரும் முழுப்பெயராலேயே அழைத்தோம். அந்தச் சுருக்கப் பெயரை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

இனி, சென்ற சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இறந்தோர் நினைவுச் சனி. அம்மா வழக்கம்போல் கோதுமை அவித்து, சர்க்கரையும் மாதுளையும் சேர்த்து, பூசையில் வாசிக்கப் பெயர்ச் சீட்டும் எழுதி எடுத்துச் சென்றாள். சீட்டின் ஒரு பக்கம் உயிரோடிருப்போர், மறுபக்கம் இறந்தோர். ஊர்ப்பெயரோ குடும்பப் பெயரோ எழுதும் வழக்கமில்லை. ஞானஸ்நானப் பெயர் மட்டும். பழைய பாதிரியாருக்கு எல்லாம் தெரியும். இப்போது வந்திருக்கும் நெக்தாரியோஸ் இளைஞர். வந்து மூன்று மாதமே ஆகிறது. தெயோக்திஸ்தி என்று இரு பக்கமும் இருந்ததைக் கைதவறி எழுதியது என்று நினைத்துப் பூசையில் அப்பெயரை இறந்தோரில் மட்டும் வாசித்தார். பூசை முடிந்ததும் பேனாவோடு அம்மாவிடம் வந்து, மிக மரியாதையாகவே கேட்டார்: "அம்மா, ஒரே பேரை ரெண்டு பக்கமும் எழுதிட்டீங்க. இவங்க இருக்காங்களா, இல்லையா? ஒண்ண அடிச்சிரட்டுமா?"

அம்மா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெரியலையே சாமி" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு மகள்கள் என்று நான்தான் விளக்கினேன். அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார்.

எட்டு வயதில் நீ கல்லறையின் முன் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்பா, இது நானா?" என்று கேட்டாய். நான் பெயரைப் பிரித்து, முற்பகுதிக்கு இன்ன பொருள், பிற்பகுதிக்கு இன்ன பொருள் என்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ கேட்டது அதை அல்ல. இறந்தவளுக்கு உரியதை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் யார் என்பதைச் சனிக்கிழமை முதல் யோசித்துவருகிறேன்.

வழக்கறிஞர் அனுப்பிய தாளில் நான் கையெழுத்திடவில்லை, இடப்போவதும் இல்லை. பென்சில் குறியோடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பதிலாக நானே எழுதிய வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னை லிடியா என்று எவரும் அழைத்ததில்லை என்பது அதன் முதல் வரி. அடுத்த வரிகள் இவை: மனுதாரரின் பெயர் அவர் பிறக்கும் முன்பே வேறொரு குழந்தைக்கு உரியதாயிருந்தது. அப்பெயர் பொறித்த கல்லறை இன்றும் உள்ளது. தெரிந்தே அதை இவருக்கு வைத்தவர்கள் பெற்றோராகிய நாங்கள். இது பற்றி இவர் கேட்டபோது தந்தை விடை கூறவில்லை. ஆகவே இவருக்கென்று மட்டும் ஒரு பெயரை அனுமதிக்குமாறு தந்தை கோருகிறார். இது வழக்குக்கு உதவுமா என்று உன் வழக்கறிஞர் ஐயுறக்கூடும். நீதிபதி கேட்டால் நேரில் சொல்ல ஏப்ரல் முதல் தேதியே கப்பலேறுகிறேன். காற்றை நம்பி ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன்.

இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று கருதாதே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் பொய் சொல்லவேண்டிய இடத்தைக் குறித்து அனுப்பியதை மன்னிக்க எனக்கு நாளாகும். ஸ்தமாதினாவுக்கும் நீ ஒரு கடிதம் எழுதக் கடமைப்பட்டிருக்கிறாய்.

ஜூன் மாதம் பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி சீட்டு எழுத வேண்டும். இனித் தன்னால் எழுத முடியாது என்று அம்மா பேனாவை என்னிடம் தந்துவிட்டாள். இறந்தோர் பக்கத்தில் எழுதவேண்டியது எனக்குத் தெரியும். அது இனி ஒருத்திக்கு மட்டுமே உரியது. மறுபக்கத்தில் எழுதவேண்டியதை நான் அவளிடம் சொன்னால் அழுவாள். அதற்குள் நீயே அவளை அழைத்து, உன் குரலில் சொல். உன் வாயால் கேட்டால் அவளே எழுதுவாள். நீ நெடுங்காலம் அந்தப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதைத் தவிர, மகளே, எங்கள் இருவருக்கும் வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஃப்ராங்கிஸ்கோஸ்