நூலகத்துப் பத்திரமும் ஷபானாவும்

வியாழன், ஜூலை 10

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் பாதி முடிந்தது.

ஆசிரியர் அறையில் ஷபானா பேச்சுதான். கணக்கு டீச்சர், வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய நூலகத்தை இடித்துக் கடை கட்டப் போகிறார்கள். கூடாது என்று வீடியோ போட்டாளாம். ஊரே பார்த்திருக்கிறது.

"அந்தக் கட்டடத்துல இத்தன விசயம் இருக்குதுன்னு இப்பத்தாங்க டீச்சர் தெரியுது." தலைமையாசிரியர். என்னிடமே!

வரலாற்று டீச்சர் நான். பதினாறு வருஷமாக அந்தக் கட்டடத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கிறேன். அவரிடம் இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன். கொட்டாவி விட்டார்.

வெள்ளி

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். "வெள்ளைக்காரங்க கட்டுனது" என்கிறாள். தப்பு. அதில் ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், உங்களுக்குத்தான் பழசெல்லாம் தெரியும்னாங்க. பேப்பர் ஏதாச்சும் இருக்குதுங்களா? திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறோம். வெறுங்கையோட போனா இடிச்சுப்புடுவாங்க."

"ஒண்ணுமில்லம்மா."

பீரோவில் இருக்கிறது. பருத்தி வியாபாரி ஒருவரின் மனைவி கன்னடத்தில் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகல். இடமும் கட்டடமும் பொதுஜனங்களுக்கே, விற்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது. இண்டூரில் அவர் பேரன் வீட்டுக்கு ஆறு தடவை அலைந்து வாங்கியது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா படித்துச் சொல்ல, தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு டீகூடப் போடவில்லை.

ஞாயிறு

சர்ச்சில் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. வாங்க வேண்டியது: தக்காளி, துவரம்பருப்பு, சிவப்பு மைப் பேனா.

பஸ் ஸ்டாண்டில் நூலகக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தேக்கு. "இந்த மாதிரி மரம் இனி எங்கீங்க கெடைக்கும்?" ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். தக்காளி வாங்காமலே திரும்பினேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். "கட்டடம் போனப்புறம் அந்தப் பேப்பர வெச்சு என்ன பண்ணப்போற? ஃபிரேம் போட்டு மாட்டப்போறியா?"

நான்கு மணிக்கு ஷபானா வீடு. நகலையும் தமிழில் எழுதியதையும் கொடுத்தேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அன்னிக்கு ஏங்க டீச்சர் இல்லைன்னீங்க?"

"பொறாமைம்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் மாமியாரும் சிரித்தார். சேமியா பாயசம். இனிப்பு அதிகம்.

செவ்வாய்

நேற்று மனு கொடுத்தார்கள். எனக்குப் பள்ளி, போகவில்லை. பத்திரத்தைப் பார்த்ததும் இடிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். கதவுகளைத் திரும்ப மாட்டுகிறார்கள், நானே போய்ப் பார்த்தேன்.

பேப்பரில் ஷபானா படம். நான் "சக ஆசிரியை ஒருவர்".

"உங்க பேரத்தாங்க டீச்சர் மொதல்ல சொன்னேன். அவங்க போடல." அழுதேவிட்டாள். நான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல பெண். கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

படத்தில் பத்திரத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறாள். கன்னடம் தெரியாதே. தலைகீழாக.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும்.