முள் எடுத்த மீன்

என்னங்க,

நான் இல்லாத நேரம் பார்த்து, பாப்பாவின் துணிகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 'இனிமே அது எதுக்கு' என்று உங்கள் அக்கா கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பயணம் நன்றாகத்தான் போகிறது. வழி நெடுகக் கடல். அழகு என்கிறார்கள், நானும் பார்த்துக்கொண்டு வருகிறேன். காரை ஓட்டுவதும் ஓயாமல் பேசுவதும் என் சிநேகிதிதான். "கடல் எங்கயும் ஓடிப்போயிடாது, முதல்ல சாப்பிடு" என்று சாலையோரக் கடையில் பொரித்த மீன் வாங்கி வைத்தாள்.

ருசி தெரியவில்லை. கை மட்டும் அதன்பாட்டுக்கு முள்ளை எடுத்துவிட்டு, மீனைக் குட்டிக் குட்டி உருண்டையாகத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தது. எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

சிநேகிதி பார்த்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கடைசி உருண்டை வரை ஊட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா